கெபியின் முன் தேங்கும் நீர்

செபமாலை மாதமாகிய அக்டோபரில்தான் நம் கரையில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. கேளம்பாக்கத்திலிருந்து குடும்பத் தலைவி ஒருவர் எழுதுகிறார்: "வீட்டு முற்றத்து மாதா கெபியைச் சுற்றிப் புல்தரை அமைத்தோம். ஒரு மழை பெய்தால் பத்து நாள் சேறு. பிள்ளைகள் முழந்தாளிட இடமில்லை. நான்கு வண்டி மணல் கொட்டலாமா?"

வேண்டாம், அம்மணி. களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் நுண்ணியது. சிறிதளவு மணல் சேர்த்தால், மணலின் இடைவெளிகளை அத்துகள் அடைத்துக்கொள்ளும். காய்ந்தபின் செங்கல் போல் இறுகும். மணலால் பயன் காண வேண்டுமானால் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். அது யாருக்குக் கட்டுபடியாகும்?

முதலில் நோயை அறியுங்கள். உங்கள் ஊர் உப்பளம் கண்ட ஊர்; கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் கோவளம் கழிமுகமும் உள்ளன. ஆகவே மண்ணில் சோடியம் மிகுந்திருக்கக்கூடும். காய்ந்த மண்ணில் பட்டாணி அளவு கட்டியொன்றை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் மழைநீர் ஊற்றி, அசைக்காமல் இடுங்கள். கிணற்று நீர் ஆகாது. அதிலுள்ள உப்பு சோதனையைக் கெடுத்துவிடும். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் சோடியத்தின் வேலை எனலாம். அதற்கு ஜிப்சம் மருந்து. அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கித் துகள்களைத் திரளச் செய்யும். அளவை அரசு மண் ஆய்வுக்கூடத்தில் கேட்டறிக. கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாகவே நின்றால் ஜிப்சத்திற்குச் செலவிடாதீர்கள்; மக்கிய எருவே போதும்.

அடுத்து, மழைக்காலத்தில் ஓரடிக் குழி தோண்டிப் பாருங்கள். அடியிலிருந்தே நீர் ஊறி வந்தால் நிலத்தடி நீர் மேலேறி நிற்கிறது. அங்கே உறிஞ்சுகுழி வீண். தரையை உயர்த்துவதே வழி.

எதுவாயினும் சரிவு இன்றியமையாதது. கெபியிலிருந்து வெளிநோக்கி நூறடிக்கு ஓரடியேனும் தரை தாழட்டும். தாழ்ந்த ஓரத்தில் ஒன்றரையடி ஆழ வாய்க்கால் வெட்டி, துளையிட்ட குழாய் பதித்துச் சல்லி நிரப்புங்கள். விலகிய சோடியம் வெளியேறவும் இவ்வழி வேண்டும். வடிகால் இல்லாத ஜிப்சம் பாதி மருந்தே. (2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அத்தகைய மழைக்கு எந்த வாய்க்காலும் ஈடுகொடாது.)

குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்பதை மட்டும் மறவாதீர்கள். மதிலில் துளையிட்டு அடுத்த வீட்டுப் பக்கம் விட்டுவிடுவோர் உண்டு. அங்கும் களிமண்தான், அங்கும் பிள்ளைகள் உண்டு. தெரு வடிகாலுக்கோ, நீர் இறங்கும் நிலமாயின் உங்கள் மழைநீர்த் தொட்டிக்கோ கொண்டுபோங்கள்.

சரிவும் வாய்க்காலும் கோடைக்கால வேலை. ஜிப்சத்தை மழைக்குச் சற்று முன் தூவிக் கொத்திவிடுங்கள். பின்னர், உப்பைத் தாங்கும் அருகம்புல் நடலாம். ஈரக் களிமண்ணை மிதிக்க மிதிக்க அது இறுகும். ஆகையால் இவ்வாண்டுச் செபமாலையைத் தாழ்வாரத்திலேயே சொல்லுங்கள்.