ஆள் இறங்கும் அளவு

பாதாளச் சாக்கடையின் மூடியை மிதித்துக்கொண்டுதான் தினமும் நடக்கிறோம். ஓர் ஆள் தோளை ஒடுக்கி உள்ளே இறங்குகிற அளவில் அது இருக்கிறது. உள்சுவரில் கால் வைக்க இரும்புப் படிகள். இந்த அளவு வானத்திலிருந்து விழவில்லை. ஒருத்தன் மேசையில் உட்கார்ந்து கோடு போட்டான், இன்னொருத்தன் எஸ்டிமேட் போட்டான், மூன்றாமவன் கையெழுத்துப் போட்டான். கோடு போட்டவன் மனசில் ஓர் உடம்பு இருந்தது. அது அவன் உடம்பு இல்லை. அவன் மகன் உடம்பும் இல்லை. யார் உடம்பு என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொறியியலுக்குச் சாதி கிடையாது, கணக்கு மட்டும்தான் என்கிறார்கள். சரி, கணக்கையே பார்ப்போம். குழாயைச் சரியான சரிவில் போட்டால், கழிவுநீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடி மண்ணையும் கசடையும் தானே அடித்துக்கொண்டு போய்விடும். சரிவு தப்பினால், ஊர் பெருத்தும் குழாயைப் பெருக்காவிட்டால், கசடு தங்கும், அடைக்கும். அடைத்தால்? அதற்கும் புத்தகத்தில் வழி உண்டு. மத்திய அரசு 1993ல் வெளியிட்ட கழிவுநீர்ப் பொறியியல் கையேடு, கையால் சுத்தம் செய்யவேண்டிய சிறிய குழாய்களுக்கு 30 மீட்டருக்குள் ஒரு குழி வை என்றது. அதே 1993ல்தான் கையால் மலம் அள்ள ஆள் வைப்பதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒரே தலைநகர், ஒரே ஆண்டு! அந்தச் சட்டம் சாக்கடைக்குள் இறங்குகிறவனைக் கண்டுகொள்ளவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் கண்டுகொண்டது. ஆனால் பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்கினால்தான் அதற்கு அது ‘அபாயகரமான சுத்தம்’. கொடுத்துவிட்டு இறக்கலாமாம்.

உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்வரை அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். நாத்தம் போயிடுச்சு என்று நினைக்கிறவன் விழுகிறான். அவனைத் தூக்கப்போன தம்பி விழுகிறான். மறுநாள் பத்திரிகையில் ‘விஷவாயு தாக்கி’ என்று போடுவார்கள். தாக்கியது வாயுவாம்.

நான் வங்கிக் குமாஸ்தா. நிவாரணக் காசோலையோடு ஓர் அக்கா கவுண்டருக்கு வந்தார். உச்சநீதிமன்றம் 2014ல் சொன்ன 10 லட்சம். (2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் சாவுக்கு 30 லட்சம் என்றது.) கணவர் செய்த தொழில் என்ன என்று படிவம் கேட்டது. ‘கான்ட்ராக்ட் வேலைன்னு போடு தம்பி’ என்றார். போட்டேன். அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதாத கை இந்தக் கை.

அதே மாதம் கழிவுநீர் லாரி வாங்க ஒருவர் கடன் கேட்டு வந்தார். அடமானம் வைக்க மனைப் பத்திரம் இருந்தது, கடன் கிடைத்தது. லாரியின் குழாயைப் பிடிக்கிறவனிடம் பத்திரம் கிடையாது. இயந்திரம் யார் கையில் வந்து சேரும் என்பதை இப்படித்தான் தீர்மானிக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. இயந்திரத்துக்கு வட்டி கட்டணும், டீசல் ஊத்தணும். ஆளுக்கு ஒரு குவார்ட்டர் போதும். காண்ட்ராக்டருக்குக் கணக்கு நன்றாகவே தெரியும்.

நிலவுக்கு ராக்கெட் விட்ட கதையை இங்கே சொல்லப்போவதில்லை. எல்லா மேடையிலும் அது சொல்லித் தேய்ந்துவிட்டது. நாம் இயந்திரத்துக்கு எதிரிகளும் அல்ல. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்த அம்பேத்கர், மின்சாரத்துக்கும் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் உழைத்தவர். முடியும் என்பதற்கு ரயிலே சாட்சி. நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டையைப் போட்டு மலத்தைத் தண்டவாளத்தில் கொட்டினார்கள், நம்ம சனம் வாரியது. 2010க்குப் பின்தான் பெட்டிக்குப் பெட்டி பயோ டாய்லெட் பொருத்தினார்கள். 2018ல் கேரளத்து இளைஞர்கள் குழிக்குள் இறங்கும் இயந்திரத்தையே கொண்டுவந்தார்கள். ஆக, அறிவு பற்றாக்குறை இல்லை. 2023 பட்ஜெட்டில் ‘மேன்ஹோல்’ இனி ‘மெஷின் ஹோல்’ ஆகும் என்றார்கள். பெயர் மாற்றம் நமக்குப் புதுசா? சேரி காலனியானது. சுடுகாட்டுப் பாதை அப்படியே கிடக்கிறது.

என் அக்கா மகன் சிவில் மூன்றாம் வருஷம். வீட்டு பிளான் ஒன்று வரைந்து கொண்டுவந்தான். பின்பக்கம், மதிலுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடிச் சந்தில் செப்டிக் டேங்க்.

‘இந்த மூடி எதுக்குடா?’

‘கிளீன் பண்ண, மாமா.’

‘லாரி எங்க நிக்கும்? ஓஸ் எந்தப் பக்கமா வரும்?’

விரலால் வழி தேடினான். சமையலறையைத் தாண்டித்தான் வரவேண்டும். ‘வராது மாமா.’

‘அப்ப யாரு வருவா?’

பேசவில்லை. ராத்திரியே ரப்பரால் அழித்து, டேங்கை முன்வாசல் கேட்டோரம் கொண்டுவந்து, மூடியையும் லாரி ஓஸுக்குத் தக்கபடி மாற்றினான். கல்லூரியில் ஆசிரியர் சிரித்தாராம், ‘வாசல்ல செப்டிக் டேங்கா, எந்த ஓனர்டா ஒத்துக்குவான்?’ என்று. இரண்டு மார்க் குறைத்துவிட்டார். பையன் இன்னும் அதை மாற்றவில்லை.