'இன்' என்றால் 'இல்லை'யா?

டியூஷன் நோட்டுகளில் இப்போது ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதி, எதிரே தமிழில் பொருள் போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பெண் அப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கத்தின் தலைப்பில் சிவப்பு மையில் ஒரு விதி: முன்னால் 'இன்' வந்தால் எதிர்ச்சொல்.

கரெக்ட், இன்கரெக்ட். கம்ப்ளீட், இன்கம்ப்ளீட். விசிபிள், இன்விசிபிள். இருபது சொல்லுக்கு விதி சரியாகத்தான் வருகிறது. இருபத்தொன்றாவது சொல்லில் காலை வாரிவிடும். 'இன்கம்' என்றால் வராதது என்று யாராவது சொல்வார்களா? உள்ளே வருவது, அதாவது வரவு, வருமானம். வருமான வரி ஆபீசுக்கு இந்த விதி தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வரிசை போட்டுப் படிப்பது தவறில்லை. நாங்களும் அப்படித்தான் படித்தோம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஆங்கிலம் எனக்குப் பின்னால் வந்த மொழி. ஆனால் எங்கள் வாத்தியார்கள் ஒரு சொல்லைச் சொன்னால் அதன் பாட்டன் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். இந்த 'இன்'னுக்குப் பாட்டன்மார் இருவர். இருவரும் லத்தீன்காரர்கள்தான், ஆனால் வேறு வேறு குடும்பம். ஒருவர் 'இல்லை' என்பவர். நீதி, அநீதி என்கிறோமே, அந்த வடமொழி 'அ'வுக்கு இவர் தூரத்துச் சொந்தம். இன்னொருவர் 'உள்ளே' என்பவர்.

இதில் 'இல்லை' என்பவர் பக்கத்து எழுத்துக்கு ஏற்ப வேஷமும் மாற்றுவார். இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் மூன்றிலும் இருப்பவர் அவரே. 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'மரங்கள்' ஆகிறதல்லவா, அந்த மாதிரி. இதைச் சொன்னதும் அந்தப் பெண், "இது புணர்ச்சி விதி தாத்தா" என்றாள். தமிழ் இலக்கணம் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில ஸ்பெல்லிங்கை இப்படிச் சொல்லிக் கொடுத்தால் எளிதாகப் போய்விடும். ஏனோ யாரும் சொல்வதில்லை.

நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் கண்ணால் பார்த்தது ஒன்று. கடைநிலை ஊழியர் ஒருவர், கண்பார்வை போய் வேலையிலிருந்து விலகினார். அவருக்கு வந்த தாளில் 'இன்வேலிட் பென்ஷன்' என்று இருந்தது. பள்ளிக்கூடம் படிக்கும் மகன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பென்ஷன் செல்லாதாம் என்று சொல்லிவிட்டான். இரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையாம். மூன்றாம் நாள் அந்த அம்மா அழுதுகொண்டே செக்ஷனுக்கு வந்தார். உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாமல் போனவருக்குக் கொடுக்கும் ஓய்வூதியத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கி அனுப்பினோம். 'வேலிட்' என்பதன் மூலச்சொல்லுக்கு 'பலமுள்ள' என்று பொருள். பலம் இழந்தவர் இன்வேலிட். பாரிசில் 1670-ல் பதினான்காம் லூயி மன்னர் உத்தரவிட்டுக் கட்டிய 'ஏன்வலீத்' மாளிகையும் போரில் ஊனமுற்ற வீரர்களுக்காகத்தான். எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. தாளில் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த அம்மா அழுதிருக்க வேண்டியதில்லை.

அதையெல்லாம் விட என்னைக் கவலைப்பட வைப்பது 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல்.

நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒரு பக்கம், ரசாயன ஆலை ஒரு பக்கம். ஜி.என்.டி. சாலையில் இரவும் பகலும் டேங்கர் லாரி. இங்கே 'இன்ஃப்ளேமபிள்' என்பது நோட்டில் இருக்கும் சொல் மட்டுமல்ல, டிரம்மிலும் லாரியிலும் எழுதியிருக்கும் சொல். அந்தப் பெண்ணின் நோட்டு விதிப்படி அதற்கு என்ன பொருள் வரும்? தீப்பற்றாதது! உண்மையில் பொருள் நேர் எதிர். எளிதில் தீப்பற்றக்கூடியது. இங்கே இருப்பவர் 'உள்ளே' என்கிற பாட்டன். 'இன்ஃப்ளமாரே' என்றால் லத்தீனில் தீ மூட்டுவது. நம் வயதுக்காரர்கள் மூட்டு வலிக்கு டாக்டரிடம் போனால் 'இன்ஃப்ளமேஷன்' என்கிறாரே, அதுவும் இதே குடும்பம். தமிழிலும் அதை அழற்சி என்றுதான் சொல்கிறோம். அழல் என்றால் நெருப்பு.

பிரெஞ்சில் இந்தக் குழப்பத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள். தீப்பற்றுவது 'ஏன்ஃப்லமாப்ல்'. தீப்பற்றாதது 'இனேன்ஃப்லமாப்ல்'. இரண்டு பாட்டன்மாரையும் அடுத்தடுத்து உட்காரவைத்து விட்டார்கள். அதற்காகப் பிரெஞ்சு எப்போதும் தெளிவு என்று நான் சொல்ல வரவில்லை. 'இன்ஹாபிடபிள்' என்று ஆங்கிலேயர் எழுதினால் குடியிருக்கத் தக்க வீடு. அதே எழுத்துகளைப் பிரெஞ்சுக்காரர் எழுதினால் குடியிருக்க லாயக்கற்ற வீடு. வாடகை ஒப்பந்தத்தில் இந்த வார்த்தை வந்தால் ஜாக்கிரதை.

ஆங்கிலம் பேசுகிறவர்களே இந்த ஆபத்தை உணர்ந்தார்கள். 1920-களில் அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கம், 'இன்'னை எடுத்துவிட்டு 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதுங்கள் என்று வற்புறுத்தியது. 1959-ல் பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் அதே வழிக்கு வந்தது. நம் நாட்டில் 1952-ல் போட்ட சட்டத்தின் பெயரிலேயே 'இன்ஃப்ளேமபிள்' இருக்கிறது. அதனால் பழைய சொல்லும் புதிய சொல்லும் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே பொருள்தான் என்பது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? ஒன்று மற்றதன் எதிர்ச்சொல் என்றுதானே நினைப்பார்கள்?

இதே பிள்ளைகள்தான் நாளைக்கு ஐ.டி.ஐ. முடித்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அந்த ஆலைக்குள் போகப் போகிறார்கள். பரீட்சையில் தவறாக எழுதினால் ஒரு மார்க் போகும். அங்கே போவது மார்க் அல்ல.

ஆகவே டியூஷன் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள்: அந்தச் சிவப்பு மை விதியை அடித்துவிடுங்கள். 'இன்' வரும் சொற்களை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். 'இல்லை' ஒரு பத்தி, 'உள்ளே' ஒரு பத்தி. எதிலும் அடங்காமல் முரண்டு பிடிப்பவற்றுக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். 'இன்ஃபேமஸ்' அங்கே போகட்டும். அது பெயர் தெரியாதவரைக் குறிக்காது, கெட்ட பெயர் எடுத்தவரைக் குறிக்கும். 'இன்வால்யுவபிள்' கூட அங்கேதான். மதிப்பே இல்லாதது அல்ல, விலைமதிப்பே சொல்ல முடியாதது.

ஆலை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, சட்டப்படி ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அந்த எண்ணத்தை டிரம் வரைக்கும் கொண்டுபோனால் என்ன? 'எளிதில் தீப்பற்றும்' என்று தமிழில் ஒரு வரி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒடியாவிலும் இந்தியிலும் ஒவ்வொரு வரி. மேலே சிவப்புக் கட்டத்தில் தீச்சுடர் படம். ஒரு டப்பா பெயின்ட், அரை நாள் கூலி. தமிழை எழுதும்போது 'தீப்பற்றும்' என்பதில் ஒற்றை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.