பள்ளிப் பை: மறுபடியும் இங்க் பேனா... பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம். நோட்டுகளுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, 'அப்பாடா' என்று உட்காரும் நேரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை வந்து நிற்கும். "அப்பா, எனக்கு இங்க் பேனா வேணும். மிஸ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

அப்பாவுக்கு உடனே நினைவுக்கு வருவது, தன் பள்ளிக்கூட நாள்களில் சட்டைப் பையில் படர்ந்த நீலக் கறை. அம்மாவுக்கு நினைவுக்கு வருவது, அதைத் துவைக்கப் போகும் தன் கை. தாத்தா மட்டும் சிரித்துக்கொண்டே எழுந்து, அலமாரியில் எங்கோ பத்திரமாக வைத்திருக்கும் ஹீரோ பேனாவைத் தேடப் போவார்.

ஐந்து அல்லது ஆறாம் வகுப்பு முதல் இங்க் பேனாவில்தான் எழுத வேண்டும் என்று சொல்லும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. இன்னொரு பக்கம், யூடியூபில் பார்த்துவிட்டுத் தாங்களாகவே ஆசைப்பட்டு வாங்கும் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். ஆனால், பெற்றோருக்கு இருக்கும் கேள்விகள் பழையவைதான். கையெழுத்து உண்மையிலேயே திருந்துமா? பரீட்சை நேரத்தில் காலை வாரிவிடாதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கை ஏன் வலிக்கிறது?

பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். பால்பாயின்ட் பேனாவில் எழுதிய ஒரு பக்கத்தைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் மேடு மேடாகத் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால், உங்கள் பிள்ளை எழுதவில்லை, அழுத்துகிறது.

பால்பாயின்ட் பேனாவில் இருப்பது எண்ணெய்ப் பசை கலந்த கெட்டியான மை. முனையில் இருக்கும் சிறு உருண்டை சுழன்றால்தான் மை வெளியே வரும். உருண்டை சரியாகச் சுழல, கொஞ்சம் அழுத்த வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' பல பிள்ளைகளின் கையில் 'நிறைய' ஆகிவிடுகிறது. இரண்டு பக்க வீட்டுப்பாடத்தில் அது தெரியாது. பொதுத்தேர்வில் 10.15 முதல் 1.15 வரை, மூன்று மணி நேரம் விடாமல் எழுதும்போது தெரியும். இரண்டாவது மணி நேரத்தில் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாத் தேர்வு அறையிலும் உண்டு. விடை தெரிந்தும் கை ஓடாமல் விட்டுவந்த ஐந்து மதிப்பெண் கேள்விகளின் கணக்கு, வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணீரோடு வெளியே வரும்.

இங்க் பேனாவில் இருப்பது தண்ணீர் போன்ற மை. நிப் தாளைத் தொட்டாலே போதும், மை இறங்கும். அழுத்தினால் கோடு தடிக்கும், நிப்பின் இரு பாதிகளும் விரியும், தாள் கிழியும். ஆக, அழுத்தக் கூடாது என்பதைப் பேனாவே சொல்லிக் கொடுத்துவிடும். இங்க் பேனாவின் உண்மையான லாபம் இதுதான்.

ஜெல் பேனாவுக்கும் அழுத்தம் குறைவாகவே போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தவிர, கைவலிக்குப் பேனா மட்டுமே காரணமல்ல. பேனாவை இறுக்கிப் பிடிப்பது, உயரம் பொருந்தாத மேசை, கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுவது என்று பல காரணங்கள் உண்டு. பேனாவை மாற்றியும் வலி தொடர்ந்தால், மருத்துவரைப் பார்ப்பதே சரி.

திரியில் ஏறும் எண்ணெய் மாதிரி

விளக்குத் திரியில் எண்ணெய் தானாக ஏறுகிறது அல்லவா? பாடப்புத்தகம் அதை 'நுண்புழை ஏற்றம்' என்கிறது. நிப்பின் நடுவே இருக்கும் மெல்லிய பிளவில் மை நகர்வதும் அதே முறையில்தான். நிப்புக்கு அடியில் நாக்கு போல ஒரு பகுதி இருக்கும். அதில் ஓடும் சிறு பள்ளங்களின் வழியே மை கீழே வர, அதற்கு ஈடாகக் காற்று உள்ளே போகும். மையும் காற்றும் இப்படி இடம் மாற்றிக்கொள்ளும்வரை எழுத்து சீராக ஓடும். 1884-ல் அமெரிக்காவின் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாவின் சிறப்பு இந்தப் பள்ளங்கள்தான். பேனாவைக் கழுவும்போது இதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், ஓர் அறிவியல் பாடமும் முடிந்துவிடும்.

பேனா மட்டும் கையெழுத்தைத் திருத்தாது

'இங்க் பேனா வாங்கிக் கொடுத்தால் கையெழுத்து முத்து முத்தாக வரும்' என்பது பாதி உண்மை. பேனா செய்வது இரண்டு வேலைகள். ஒன்று, அழுத்தத்தைக் குறைக்கிறது. இரண்டு, நிப்பை ஒரே கோணத்தில் பிடிக்கப் பழக்குகிறது. மீதி எல்லாம் தினமும் அரைப் பக்கமாவது நிதானமாக எழுதிப் பழகுவதில்தான் இருக்கிறது.

தமிழ் எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயமும் முக்கியம். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ண, ணை, ஞ, இ போன்றவற்றைத் தடித்த நிப்பில் சின்னதாக எழுதினால், சுழி அடைத்துக்கொண்டு வெறும் மைப்பொட்டாகிவிடும். எனவே கடையில் 'எஃப்' என்று குறித்த மெல்லிய நிப்பைக் கேட்டு வாங்குங்கள். 'எம்' என்பது நடுத்தரம். கோடுகளுக்கு இடையே நிறைய இடம் விட்டு, பெரிதாக எழுதுபவர்களுக்கு அது சரிவரும்.

பேனாவுக்கும் ஒரு லைசென்ஸ்!

இந்த விஷயத்தில் ஜெர்மனியின் தொடக்கப் பள்ளிகளில் ஒரு சுவையான வழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் முதலில் பென்சிலில் எழுதிப் பழகுகிறார்கள். எழுத்து ஓரளவு நிலைப்பட்டதும், பல பள்ளிகளில் ஆசிரியர் ஒரு சின்ன அட்டையைக் கொடுப்பார். அதன் பெயர் 'ஃப்யூல்லர்ஃப்யூரர்ஷைன்'. அதாவது, இங்க் பேனா ஓட்டுநர் உரிமம்! 'இனி நீ பேனாவில் எழுதலாம்' என்பதற்கான அந்த விளையாட்டு லைசென்ஸை வாங்கப் பிள்ளைகள் ஆர்வமாகப் பயிற்சி செய்வார்கள்.

மாணவர்களுக்கென்றே பேனா வடிவமைப்பதும் அங்கே பழைய வழக்கம். பெலிக்கான் நிறுவனம் 1960-ல் 'பெலிக்கானோ' பேனாவையும், லாமி நிறுவனம் 1980-ல் 'சஃபாரி' பேனாவையும் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்தே கொண்டுவந்தன. விரல் எங்கே உட்கார வேண்டும் என்று காட்ட, பேனாவின் கழுத்துப் பகுதியே பட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கும். நீல மையை அழிக்கவும் தனியாக ஒரு பேனா உண்டு. பக்கத்து நாடான பிரான்சில் பால்பாயின்ட் பேனாவைப் பள்ளிக்குள் அனுமதித்ததே 1965-ல்தான்.

இதில் நம் வீடுகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இங்க் பேனாவைத் தண்டனை மாதிரி திணிக்காமல், தகுதி பெற்றதற்கான பரிசு மாதிரி கொடுத்தால், பிள்ளை அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

பேனா கக்குவது ஏன்?

பழைய பயமே இதுதான். பேனா கக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மை அல்ல, காற்று. பேனாவில் மை குறையக் குறைய, உள்ளே காற்று அதிகமாகும். கையின் சூட்டிலோ வெயிலிலோ அந்தக் காற்று விரிந்து, மிச்ச மையை வெளியே தள்ளும். உடலுக்குள்ளேயே நேரடியாக மை ஊற்றும் பேனாக்களில் இது அதிகம். தீர்வு எளிது. மை பாதிக்குக் கீழே இறங்குவதற்குள் நிரப்பிவிட வேண்டும். பையில் வைக்கும்போது நிப் மேல்நோக்கி இருக்க வேண்டும்.

தொடங்கும் பிள்ளைகளுக்கு, மையை உறிஞ்சி எடுக்கும் கன்வெர்ட்டரோ, மாற்றிப் போடும் கார்ட்ரிஜோ உள்ள பேனா நல்லது. சுமார் ஒரு மில்லி மை பிடிக்கும் கன்வெர்ட்டர் என்றால், 60 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 60 முறை நிரப்பலாம். ரீஃபிள் தீர்ந்ததும் பேனாவையே குப்பையில் வீசும் பழக்கம் பெருகிவிட்ட காலம் இது. ஒரு வகுப்பறை ஓராண்டில் எத்தனை பிளாஸ்டிக் பேனாக்களை எறிகிறது என்று பிள்ளைகளையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். விடை அவர்களையே ஆச்சரியப்படுத்தும்.

பராமரிப்பும் பெரிய வேலையல்ல:

* மாதம் ஒருமுறை சாதாரணத் தண்ணீரில் நிப்பைக் கழுவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம்.

* இரண்டு கம்பெனி மைகளைக் கலக்காதீர்கள். மை மாற்றும்போது கழுவிவிட்டு மாற்றுங்கள்.

* ஓவியத்துக்குப் பயன்படுத்தும் 'இந்தியன் இங்க்'கை ஊற்றவே கூடாது. காய்ந்து, பேனாவை அடைத்துவிடும்.

* விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் பேனாவைக் காலி செய்து, கழுவிக் காயவையுங்கள்.

* சீருடையில் கறை பட்டால் தேய்க்காதீர்கள். உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பு போடுங்கள். கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரி வேண்டாம்.

'பேனாவை இரவல் கொடுத்தால் நிப் கெட்டுவிடும்' என்று தாத்தா சொல்வதும் முழுக்கக் கதையல்ல. நல்ல நிப்பின் முனை கடினமான உலோகம். ஒருநாளில் அது தேயாது. ஆனால், பால்பாயின்ட் பழக்கத்தில் அழுத்தி எழுதும் நண்பன் கையில் போனால், ஒரே பீரியடில் நிப் விரிந்துவிடும்!

நோட்டையும் கவனியுங்கள்

பேனாவைக் குறை சொல்லும் பாதி நேரம், குற்றவாளி தாள்தான். மெல்லிய தாளில் மை ஊறி, மறுபக்கம் தெரியும். நோட்டு வாங்கும் முன் கடைசிப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். மை சிலந்திவலை மாதிரி பரவினால், அந்த நோட்டு இங்க் பேனாவுக்கு ஆகாது.

இடக்கைப் பிள்ளைகளுக்குச் சிரமம் இன்னும் அதிகம். எழுதிய ஈர எழுத்தின் மேலேயே கை நகரும். அவர்களுக்குச் சீக்கிரம் காயும் மையும், மெல்லிய நிப்பும், நோட்டைச் சற்றுச் சாய்த்து வைக்கும் பழக்கமும் உதவும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கட்டாயம் வேண்டாம்.

பொதுத்தேர்வுக்கு எடுத்துப் போகலாமா?

நீலம் அல்லது கறுப்பு மை என்றால் தடையில்லை. ஆனால், பத்தாம் வகுப்பு ஜனவரியில் புதிதாக இங்க் பேனா வாங்குவது வேண்டாத சோதனை. ஆறு, ஏழாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டால், பெரிய பரீட்சைக்குள் பேனா கைக்குப் பழகிவிடும். தேர்வு நாளில், ஏற்கெனவே எழுதிப் பழகிய இரண்டு பேனாக்களை முழுதாக நிரப்பி எடுத்துப் போக வேண்டும். கூடவே ஒரு பால்பாயின்ட் பேனாவும் இருக்கட்டும். எழுதிய பக்கத்தைத் திருப்பும் முன் ஒரு நொடி காய விடுவதையும், வியர்க்கும் கைக்கு அடியில் கைக்குட்டை வைத்துக்கொள்வதையும் வீட்டிலேயே பழக வேண்டும். மை தண்ணீரில் கரையும் என்பதால், தண்ணீர் பாட்டில் விடைத்தாளுக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பேனாக்கள்

நம் நாட்டில் இங்க் பேனாவுக்கு ஒரு சுதேசிக் கதையும் உண்டு. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, ஆந்திராவின் ராஜமுந்திரியில் பேனா செய்யத் தொடங்கினார் கே.வி.ரத்னம். அவருடைய பேனாவைப் பெற்ற காந்தி, 1935-ல் அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். வங்கத்தில் மைத்ரா சகோதரர்கள் 1934-ல் தொடங்கிய 'சுலேகா' மையும் சுதேசி இயக்கத்தின் பிள்ளைதான். இடையில் மூடிக்கிடந்த அந்த நிறுவனத்தின் மை, இப்போது மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் திருவள்ளூரின் 'ரங்கா' பேனாக்கள், எபனைட் எனும் கடின ரப்பரிலிருந்து கையால் கடைந்து செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கும் போகின்றன. பிள்ளைகளுக்கு அவ்வளவு விலையில் வேண்டியதில்லை. ஊர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பேனாவே தொடங்கப் போதும்.

கடைசியாக ஒன்று. முதல் மாதத்தில் விரல் நீலமாகும். நோட்டில் மை கொட்டும். வீட்டுப்பாடம் ஒரு பக்கம் பாழாகும். அந்த நேரத்தில் 'இதுக்குத்தான் வேண்டாம்னு சொன்னேன்' என்று சொன்னால், பிள்ளை மறுநாளே பேனாவை மூடி வைத்துவிடும். அதற்குப் பதில் ஒரு சாக்பீஸை எடுத்துக் கொடுங்கள். கொட்டிய மையின் மேல் அதை உருட்டினால் உறிஞ்சிக்கொள்ளும் என்பது தாத்தாவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். இன்று உங்கள் பிள்ளையும் தெரிந்துகொள்ளட்டும்.