என் மடிக்கணினியில் ஓர் அணி

போன வாரம் கிள்ளானிலிருந்து ஓர் அம்மா நிகழ்ச்சிக்கு அழைத்தார். பாட்டு கேட்பார் என்று நினைத்தேன். "தம்பி, குரல் ஏன் இப்படி இருக்கு? சளியா?" என்றார். ஆமாம் அம்மா, இருமல் மருந்து குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பொய். முதல் நாள் இரவு எங்கள் அணிக்குக் கிண்ணக் காலிறுதி ஆட்டம். கூடுதல் நேரம் போய், பினால்டி போய், முடியும்போது மணி 2. காலை 6 மணிக்கு ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வேண்டியவன் செய்யக்கூடிய வேலையா இது? அதுவும் நிஜ ஆட்டம்கூட இல்லை. கணினி ஆட்டம்.

'ஃபுட்பால் மேனேஜர்' என்று பெயர். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இதில் நாம் பந்தை உதைப்பதில்லை. நாம் அணியின் நிர்வாகி. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த வியூகம், இடைவேளையில் திட்டுவதா தட்டிக்கொடுப்பதா என்று முடிவு செய்வதோடு நம் வேலை முடிந்தது. பிறகு கோட்டுக்கு வெளியே நின்று நகம் கடிக்கலாம். இங்கிலாந்தில் கொல்யர் என்ற குடும்பத்தின் அண்ணன் தம்பி இருவர் வீட்டில் உட்கார்ந்து எழுதிய நிரலில் ஆரம்பித்தது. 1992-இல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் வெளிவந்தது. பதிப்பு நிறுவனத்தோடு பிரிவு வந்த பிறகு, 2004-இலிருந்து இப்போதைய பெயர்.

உலகம் முழுக்க இதை விளையாடுகிறவர்கள் ரியால் மட்ரிட்டையோ லிவர்பூலையோ எடுத்துக்கொள்வார்கள். நான் எடுத்தது பெட்டாலிங் ஜெயா சிட்டி.

இந்தப் பெயர் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மீஃபா என்ற மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தோடு ஒட்டி வளர்ந்த அணி. படிப்படியாக ஏறி 2019-இல் சூப்பர் லீக்குக்கு வந்தது. கெலானா ஜெயா அரங்கில் ஆட்டம் என்றால் அப்பாவும் நானும் கிளம்பிவிடுவோம். கூட்டம் பெரிதாக இருக்காது. அதனால் என்ன, திடலில் நம் பிள்ளைகளின் பெயர்கள் ஒலிபெருக்கியில் வரும்போது அப்பா நிமிர்ந்து உட்காருவார். 2022 பருவத்தோடு அணி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதற்குப் பிறகு சில வாரங்கள், ஆட்ட நாள் மாலை வந்தால் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். எதுவும் கேட்க மாட்டார். நானும் எதுவும் சொல்ல மாட்டேன்.

என்னிடம் 2021 நவம்பரில் வெளியான பதிப்பு இருந்தது. மலேசிய லீக் அதில் உண்டு, பெட்டாலிங் ஜெயா சிட்டியும் உண்டு. ஒருநாள் அதைத் திறந்து, "அப்பா, நம்ம டீம் இதுல இன்னும் ஆடுது" என்றேன். மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் பருவம் நான் ஆடியது வெட்கக்கேடு. எல்லாரும் செய்யும் தவறைத்தான் செய்தேன். பணத்தை அள்ளி மூன்று இறக்குமதி ஆட்டக்காரர்களை வாங்கினேன். இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் வேகம், பந்துக் கட்டுப்பாடு, கோலடிக்கும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை எண் உண்டு. என் பிரேசில்காரருக்குக் கோலடிக்கும் திறன் 15. வயது 33. அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அந்த மூவரின் சம்பளமே அணியின் மொத்தச் சம்பளத்தில் பாதி. ஆறாவது வாரம் உள்ளூர்ப் பையன்கள் ஒவ்வொருவராக வந்து சம்பளத்தைப் பற்றி முறையிட்டார்கள். பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. பதினைந்து ஆட்டங்களில் என்னை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "பதினொரு பேர்ல மூணு பேருக்கு மட்டும் பிரியாணி போட்டா மத்தவன் எப்படிலா ஓடுவான்?" என்றார். மூன்றாண்டு ஊடகவியல் படித்தவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை ஒரே ஓர் இறக்குமதி ஆட்டக்காரர், நடுத்தடுப்பில். மற்றதெல்லாம் இருந்த பையன்களே. வியூகத்தையும் மாற்றினேன். ஐரோப்பாவில் புகழ்பெற்ற, எதிரணியை அவர்கள் பாதியிலேயே போய் நெருக்கும் ஆட்டத்தைத்தான் முதலில் போட்டிருந்தேன். எழுபதாவது நிமிடத்தில் என் பையன்களின் உடல்நிலைக் காட்டி சரசரவென்று இறங்கும். கடைசி இருபது நிமிடத்தில் வரிசையாகக் கோல் வாங்குவோம். அதைக் கைவிட்டு, பழைய 4-4-2. எல்லாரும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கட்டுக்கோப்பாக நின்று, பந்து கிடைத்ததும் ஓரத்தில் பாய்வது. பார்க்க அழகில்லை. கையில் காசில்லாத அணிக்கு இன்னொரு வழியும் உண்டு: கார்னர். பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியை அதற்கே ஒதுக்கினேன். உயரமான தடுப்பாட்டக்காரரை அருகிலுள்ள கம்பத்துக்கு அனுப்பினால், ஒரு பருவத்தில் ஏழெட்டுக் கோல் இலவசமாகக் கிடைக்கும்.

ஆள் எடுக்கும்போது என்ன பார்ப்பது என்பதில்தான் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. நான் எண்களைப் பார்ப்பேன். அவர் இரண்டே கேள்வி கேட்பார். "ஓடுவானா? தோக்கும்போதும் ஓடுவானா?" விளையாட்டில் இதற்கும் எண் இருக்கிறது. வேகம், உழைப்பு, விடாப்பிடி. வேகம் இல்லாத ஆட்டக்காரரை இந்த விளையாட்டின் ஆட்ட இயந்திரம் மன்னிப்பதே இல்லை என்பது நீண்ட நாள் விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். அப்பா எந்த இணையத்திலும் படிக்காமலேயே அங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 2001-02 பதிப்பில் மில்வால் அணியின் இளையோர் ஆட்டக்காரர் செர்னோ சாம்பா. அவரை வாங்கினால் கோல் மழை. என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நிஜத்தில் அவர் அந்த உயரத்துக்குப் போகவில்லை. நமக்குக் காட்டப்படாத எண்களும் உள்ளே இருக்கின்றன: நிலைத்தன்மை, காயமடையும் தன்மை, பெரிய ஆட்டத்தில் நடுங்குவாரா மாட்டாரா என்பது. அவற்றை நாமாக ஊகிக்க வேண்டியதுதான். இந்த எண்களை வானத்திலிருந்து யாரும் போடவில்லை. உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆட்டங்களைப் பார்த்து மதிப்பிட்டு அனுப்புகிறார்கள். கெலானா ஜெயாவில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்த அதே வரிசையில் அப்படி ஒருவரும் உட்கார்ந்திருந்தாரோ என்னவோ.

இதை விளையாடியே பயிற்றுநர் ஆனவர் என்று பிரான்சில் வில் ஸ்டில் என்பவரைப் பத்திரிகைகள் கொண்டாடின. 2022-இல், 30 வயதில் ரீம்ஸ் அணியை ஏற்றார். உரிய பயிற்றுநர் உரிமம் இல்லாததால் கிளப் ஆட்டத்துக்கு 25,000 யூரோ என்று அபராதம் கட்டியது. முதல் 17 லீக் ஆட்டங்களில் தோற்கவே இல்லை. ஆனால், அவர் கல்லூரியில் காற்பந்துப் பயிற்சியைப் படித்தவர், காணொளி ஆய்வாளராக வேலை பார்த்தவர் என்பதைச் செய்திகள் கடைசிப் பத்தியில் வைத்தன. என் மனைவிக்கு அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் யாரோ அனுப்பிவிட்டார்கள்.

சரி, எங்கள் அணிக்கு வருவோம். மூன்றாவது பருவத்தில் ஒரு பெரிய தவறு செய்தேன். எங்கள் தலைவருக்கு 34 வயது. கால் ஓடவில்லை. சம்பளத்தை மிச்சப்படுத்தலாம் என்று விற்றுவிட்டேன். மறுநாளே ஐந்து பேர் என் அறைக்கு வந்துவிட்டார்கள். அணிக்குள் யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது; அதில் அவர் பெயர்தான் உச்சியில். நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. எட்டு ஆட்டங்கள் ஒன்றில்கூட வெற்றி இல்லை. இடைவேளையில் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். குரலை வைத்துச் சோறு சாப்பிடுகிறவன் சொல்கிறேன்: கேட்கிறவர்களுக்கு நம்மீது நம்பிக்கை போய்விட்டால் எந்தத் தொனியும் வேலை செய்யாது.

2025-இல் அவர் ஓய்வு பெற்றதும் அப்பா விடவில்லை. "கூப்பிடு, மன்னிப்புக் கேளு, வேலை குடு." மன்னிப்புக் கேட்க அதில் பொத்தான் இல்லை. வேலை கொடுக்க இருந்தது. இளையோர் மேம்பாட்டுத் தலைவராக நியமித்தேன். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், அந்தப் பதவியில் இருப்பவரின் குணம், ஆண்டுதோறும் புதிதாக வரும் பிள்ளைகளின் குணத்தில் ஒட்டிக்கொள்ளும். மறு ஆண்டே ஒரு பையன் வந்தான். பதினாறு வயது. கணினி உருவாக்கிய பிள்ளை; பிறந்த ஊர் கிள்ளான் என்று போட்டிருந்தது. கோலடிக்கும் திறன் வெறும் 7. விடாப்பிடி 17. அதனாலேயே 17-ஆம் எண் சட்டையைக் கொடுத்தோம்.

இரண்டு ஆண்டு உட்கார வைத்தேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று மாற்றாக இறக்கினேன். மூத்தவர்கள் இருவரோடு ஒரே வழிகாட்டிக் குழுவில் சேர்த்தேன். 2029-இல் 14 கோல் அடித்தான். லீக்கில் மூன்றாம் இடம். நாங்கள் இருவரும் அன்று மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக் கொண்டாடினோம். பக்கத்து மேசையில் இருந்தவர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

அந்த வாரமே ஜேடிடியிடமிருந்து கடிதம். 2014 முதல் நிஜத்தில் லீக் வெற்றியாளர் பட்டத்தை விடாமல் வைத்திருந்த அணி; என் கணினியிலும் அப்படித்தான். 10 லட்சம் வெள்ளி தருகிறார்களாம். பையனும் போக விரும்புகிறான் என்று ஒரு வரி. நான் மறுக்கும் பொத்தானில் சுட்டியை வைத்துவிட்டேன். இவனைச் சுற்றித்தான் அடுத்த ஐந்து ஆண்டுத் திட்டமே.

"விட்டுரு" என்றார் அப்பா.

"அப்பா, இவன் போனா கிண்ணம் போச்சு."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். கோல சிலாங்கூர் பக்கத்தில் தோட்ட அணிக்கு ஆடியபோது, மாநிலத் தேர்வுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்களாம். அன்றைக்கு வேலை நாள். லீவு கேட்டார். தோட்ட அணிக்கு மறுநாள் ஆட்டம் இருக்கிறது, காலில் அடிபட்டால் யார் ஆடுவது என்று சொல்லி விடவில்லையாம். "நாங்க மறுநாள் ஜெயிச்சோம்" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளாக இவர் பிள்ளையாக இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

சுட்டியைப் பக்கத்துப் பொத்தானுக்கு நகர்த்தினேன். வந்த பணத்தில் யாரையும் வாங்கவில்லை. இளையோர் பயிற்சிக்கூடத்தை மேம்படுத்தச் சொல்லி நிர்வாகத்துக்கு விண்ணப்பம் போட்டேன், ஒத்துக்கொண்டார்கள். அடுத்த பருவம் ஆறாம் இடத்துக்கு இறங்கினோம்.

புதிய பதிப்பு வாங்கச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். 2025-க்கான பதிப்பை நிறுவனமே கைவிட்டது. அதற்கு அடுத்தது 2025 நவம்பரில் வந்துவிட்டது, திரை எல்லாம் பளபளவென்று இருக்கிறது. எனக்கு வேண்டாம். அதன் சூப்பர் லீக்கில் எங்கள் அணி இல்லை. இந்தப் பழைய மடிக்கணினி விசிறி மாதிரி இரைந்தாலும் பரவாயில்லை.

ஜேடிடி எங்கள் திடலுக்கு ஆட வந்தது போன சனிக்கிழமை. 17-ஆம் எண் இப்போது அங்கே 9-ஆம் எண். அறுபத்திரண்டாவது நிமிடம், எங்கள் தடுப்பாட்டக்காரர் இருவருக்கு நடுவில் புகுந்து அடித்தான். வலை அதிர்ந்தது. அப்பா கைதட்டினார்.

"அப்பா, கோல் நமக்கு விழுந்திருக்கு" என்றேன்.

"தெரியும்லா" என்றார்.