எஃப்-150 பெருசுதான், குட்டி யானை மட்டும் இளப்பமா?

வண்டிப் பைத்தியம் பிடித்த நம்ம பதிவர்கள் ரெண்டு பேர் அடுத்தடுத்து ஃபோர்டு எஃப் சீரீஸ் பற்றி உருகி உருகி எழுதிவிட்டார்கள். 1948 மாடலில் ஆரம்பித்த பரம்பரை, 1977-லிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக். எல்லாம் நெசம்தான், நானும் ரசித்துத்தான் படித்தேன். ஆனா கடைசியில "நம்ம ஊருக்கு இப்படி ஒரு பிக்கப் வரலாறே கிடையாது"ன்னு முடிச்சீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

சாமிகளா, விடிகாலையில் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் வந்திருக்கீங்களா? ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்கு? அங்க வரிசை கட்டி நிக்குதே, அதுக்குப் பேரு என்ன?

வரலாறுன்னு கேட்டா, ஹாம்பர்க்கில் பிறந்த டெம்போவில் தொடங்கலாம். பஜாஜ் டெம்போ கம்பெனி 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரையே மாற்றிக்கொண்டது. நம்ம ஜனங்க மாத்தலையே! சாமான் ஏத்துற எந்த வண்டியும் இன்னிக்கும் டெம்போதான். அப்புறம் 1986-ல் டாட்டா 407. எதிரே டிசிஎம் டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்டா, ஆல்வின் நிசான், ஐஷர் மிட்சுபிஷி என்று நாலு ஜப்பான் கூட்டணி. டிசிஎம் டொயோட்டாவையும் ஆல்வின் நிசானையும் இப்ப தேடித்தான் பார்க்கணும். 407 ஓடிக்கிட்டே இருக்கு.

அடுத்து 2005, டாட்டா ஏஸ். கிரீஷ் வாக் தலைமையிலான குழு முதலில் போய்ப் பேசியது மூணு சக்கர சரக்கு வண்டி ஓட்டுறவங்ககிட்ட. நாலு சக்கரம் இருந்தால் ஊரில் ஒரு மரியாதை என்கிற ஆசைதான் அங்கே கிடைத்த பதில். எஞ்சினியரிங் படிச்சவங்க இதைக் கவனிங்க: இண்டிகா காரின் 1405 சிசி நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கின மாதிரி ரெண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். அவ்வளவேதான். விலை சுமார் ரெண்டே கால் லட்சம். ரெண்டு வருஷத்துக்குள் ஒரு லட்சம் வண்டி, 2012-க்குள் பத்து லட்சம். வடக்கே சோட்டா ஹாத்தி, இங்கே குட்டி யானை. ஒரிஜினல் யானை இருக்கிற ஸ்ரீரங்கத்துலயே அந்தப் பேரு நிலைச்சிடுச்சுன்னா சும்மாவா?

எஃப்-150 ரெண்டு மீட்டர் அகலம், கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளம். உத்தர வீதியிலிருந்து ஒரு சந்துக்குள்ள திருப்பிக் காட்டுங்க, மொட்டை போட்டுக்கறேன். ஒண்ணரை மீட்டர் அகல ஏஸ், வாழைத்தாரோட உள்ள போய்ட்டு வந்துடும்.

இதைவிடக் கடுப்பு, நம்ம வீதிக்காரர்கள் சிலர் பேசுவது. "குட்டி யானையாலதான் நெரிசல், உள்ள விடக்கூடாது"ங்கறாங்க. வாசலை அடைச்சு நாள் முழுக்க நிக்கிற காரைப் பத்தி மூச்சு கிடையாது! தண்ணி கேன், கல்யாணப் பாத்திரம், வீடு மாத்தின பீரோ எல்லாம் எதுல வந்துச்சாம்? கருட வாகனத்துலயா?

ஓவர்லோடு ஏத்துறாங்க, ஆளுங்களை ஏத்துறாங்க என்பது அடுத்த குற்றச்சாட்டு. தப்புதான், நான் வக்காலத்து வாங்க வரலை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றி எத்தனை உயிர் போயிருக்கிறது. ஆனா முக்கால் டன் வண்டியில ஒண்ணரை டன் ஏத்தச் சொல்றது யாரு? ரெண்டு நடை வாடகை கொடுக்க மனசில்லாத வியாபாரி. கூட்டத்துக்கு ஆள் அள்ளிட்டு வரச் சொல்றது யாரு? கட்சிக்காரர். அபராதம் மட்டும் டிரைவர் தலையில். மாசத் தவணை ஒண்ணு தவறினால் வண்டியே போயிடும் என்கிற நிலையில் இருக்கிற ஆள் எப்படி "முடியாது"ன்னு சொல்லுவார்? ஏத்தச் சொன்னவனுக்கும் சேர்த்து அபராதம் போட்டுப் பாருங்க, மறுநாளே லோடு குறையும்.

"அது வெறும் மினி டிரக், பிக்கப் இல்லையே"ன்னு பின்னூட்டத்துல யாராவது வருவீங்கன்னு தெரியும் :-) முன்னாடி கேபின், பின்னாடி திறந்த தொட்டி. வேற என்னய்யா வேணும்?