சொந்த வண்டியில் கம்பெனி வேலை: கிலோமீட்டருக்கு என்ன கணக்கு?

மும்பையை அடுத்த கல்யாணில் களப்பணிக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் எதைப் பார்த்தாலும் ‘சொந்த டூவீலர், லைசென்ஸ் அவசியம்’ என்ற வரி கண்ணில் படும். மருந்துக் கம்பெனி ரெப், கடன் தவணை வசூலிப்பவர், ஏ.சி. மெக்கானிக், மளிகைக் கடைகளில் ஆர்டர் எடுக்கும் சேல்ஸ்மேன் என யாராக இருந்தாலும், ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் முதலீட்டோடுதான் வேலைக்கே வர வேண்டும். வண்டிக்கான மாதத் தவணையும் அவர் தலையில்தான். மேசையையும் கம்ப்யூட்டரையும் ஊழியரே வாங்கி வர வேண்டும் என்று எந்த அலுவலகமும் சொல்வதில்லை. வண்டி என்றால் மட்டும் அது யாருக்கும் உறுத்துவதில்லை. மாதக் கடைசியில் ‘பெட்ரோல் காசு’ கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று முதலாளியும் நினைக்கிறார், ஊழியரும் நினைக்கிறார். உண்மையில் அங்கே ஏறக்குறைய பாதிக் கணக்குதான் முடிகிறது.

ரயில் எட்டாத வேலை

மும்பை வட்டாரத்தில் லோக்கல் ரயில் இருக்க, பைக் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். 1854-இல் தானேயிலிருந்து கல்யாணுக்கு ரயில் வந்தது. இங்கிருந்து ஒரு பாதை கசாராவுக்கும் இன்னொன்று கர்ஜத்துக்கும் பிரிகிறது. ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கோடுகள் போதும். களப்பணியாளரின் வேலையோ பெரும்பாலும் இவற்றுக்குக் குறுக்கே கிடக்கிறது. பிவண்டிக் கிடங்குகள், ஷில்பாட்டா சாலையோரக் குடியிருப்புகள், தளோஜா தொழிற்பேட்டை, இன்னும் ரயிலே எட்டாத முர்பாட் என ஒரே நாளில் நாலு திசைக்கு ஓட வேண்டும். ஷேர் ஆட்டோவை நம்பினால் மருந்து ரெப்பால் பாதி டாக்டர்களைக்கூடப் பார்க்க முடியாது.

இந்தச் சாலைகளில் தூரம் ஒன்று, செலவு வேறு. ரயில் பாதையைக் கடந்து கல்யாண் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாலங்கள் சில மட்டுமே. அவற்றில் முக்கியமான பத்ரிபூல், நூறு வயதைக் கடந்த நிலையில் 2018 நவம்பரில் இடிக்கப்பட்டது. புதிய பாலம் திறந்தது 2021 ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பகுதி நெரிசலில் தவித்ததை ஊரே அறியும். இப்போது பல நிறுவனங்கள் செல்போன் செயலி காட்டும் மிகக் குறுகிய பாதையை வைத்தே பயணச் செலவுக் கிளெய்மை ஏற்கின்றன. நெரிசலில் நின்றபடி எரிந்த பெட்ரோலோ, பள்ளத்துக்குப் பயந்து சுற்றிப்போன தூரமோ அந்தக் கணக்கில் ஏறாது.

ஒரு கிலோமீட்டரின் விலை

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய், நகர நெரிசலில் வண்டி 45 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் கிலோமீட்டருக்கு 2.29 ரூபாய். ஒரு லட்சத்துக்கு வாங்கிய வண்டி ஐந்து ஆண்டுகளில் 60,000 கிலோமீட்டர் ஓடி 30,000 ரூபாய்க்கு விலை போனால், தேய்மானம் 1.17 ரூபாய். ஆயில், டயர், செயின், பிரேக் கட்டை எல்லாம் சேர்த்து 70 காசு. ஆண்டுக்கு 2,000 ரூபாய் இன்சூரன்ஸ் என்றால் 17 காசு. ஆகக் கூட்டினால் 4.33 ரூபாய். கடன் வட்டியை இதில் சேர்க்கவில்லை.

இந்த வண்டியை ஓட்டுபவருக்கு கம்பெனி கிலோமீட்டருக்கு 3 ரூபாய் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் போக எழுபது காசு மிஞ்சுகிறதே என்று தோன்றும். ஆனால் 60,000 கிலோமீட்டர் முடியும்போது, அவர் கையிலிருந்து போட்டது ஏறக்குறைய 80,000 ரூபாய். கம்பெனிக்காக ஒரு வண்டியையே கிட்டத்தட்ட இலவசமாகத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த நஷ்டம் மாதா மாதம் தெரியாது. டயர் மாற்றும்போதும் இன்ஜின் பிரிக்கும்போதும்தான் தெரியும்.

அரசுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. மாநிலப் போக்குவரத்துத் துறை விகிதம் எதுவும் நிர்ணயிக்காத இடங்களில், சொந்த ஸ்கூட்டரில் அலுவல் பயணம் போகும் மத்திய அரசு ஊழியருக்குக் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிதி அமைச்சகம் 2017-இல் நிர்ணயித்தது. அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போதெல்லாம் இந்த விகிதம் 25 சதவீதம் உயரும் என்றும் அதே ஆணையில் எழுதி வைத்தது. மகாராஷ்டிராவில் ஆட்டோ, டாக்ஸிக் கட்டணத்துக்குக் கட்டுவா குழு வகுத்த சூத்திரம் இருக்கிறது. எரிபொருள், வண்டி விலை, பராமரிப்பு, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் அது கணக்கில் எடுக்கிறது. 2025 பிப்ரவரி முதல் மும்பைப் பெருநகரில் ஆட்டோவுக்குக் கிலோமீட்டர் 17.14 ரூபாய். ஓட்டுநரின் கூலியும் அதில் அடக்கம் என்பதால், அந்தத் தொகையை அப்படியே களப்பணியாளருக்குக் கேட்க முடியாது. அதைக் கணக்கிடும் முறையைக் கேட்கலாம்.

பிரிட்டனில் சொந்த மோட்டார் சைக்கிளை வேலைக்கு ஓட்டுபவருக்கு மைலுக்கு 24 பென்ஸ் வரை வரியில்லாமல் கொடுக்கலாம். முதலாளி அதைவிடக் குறைவாகக் கொடுத்தால், மீதிக்கு ஊழியர் வரிச்சலுகை கேட்கலாம். நம் நாட்டில் சம்பளக்காரருக்கு அப்படி ஒரு வழி கிடையாது. அலுவல் பயணத்துக்குத் தரும் தொகையில் உண்மையில் செலவானதற்கு வரி இல்லை, அவ்வளவுதான். வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போய்வருவது அலுவல் பயணமாகாது.

சம்பளத்தில் ஒளியும் படி

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பயணப்படி சம்பளத்தில் சேராது; ஆகவே பி.எஃப்., கிராஜுவிட்டி கணக்கிலும் அது வராது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து ‘கன்வேயன்ஸ்’ என்ற பெயரில் ஒரு தொகையைப் போட்டால் முதலாளிக்கு இரட்டை லாபம். ஊழியரோ சம்பளத்தையே பெட்ரோலாக ஊற்றுகிறார். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, இப்படி விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியமாகவே கொள்ளச் சொல்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று அதிலும் இல்லை.

விழுந்தால் யார் பொறுப்பு?

தனியார் பயன்பாட்டு வண்டியின் இன்சூரன்ஸ் பத்திரத்தில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பகுதி உண்டு. வாடகைக்கு ஓட்டக்கூடாது, சரக்கு ஏற்றக்கூடாது, மாதிரிப் பொருளும் சொந்த மூட்டையும் மட்டும் விலக்கு. அதாவது, மருந்துச் சாம்பிளோடு போகும் ரெப் தப்பிக்கலாம். அதே பையில் கடைக்குச் சரக்கு கொண்டுபோகும் சேல்ஸ்மேன் விபத்தில் சிக்கினால் வழக்கு சிக்கலாகும். சரக்கை ஏற்றிவிடும் கம்பெனி இதைச் சொல்வதில்லை.

நீதிமன்றங்கள் ஓரளவு கைகொடுத்திருக்கின்றன. மகாராஷ்டிராவில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-இல் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் இறந்தார். வேலையோடு நேரம், இடம், சூழ்நிலைத் தொடர்பு இருந்தால், வழியில் நேரும் விபத்தும் பணியின்போது நேர்ந்ததே என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலைப் பள்ளங்களால் இறந்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அதே ஆண்டு அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அந்தக் காவலாளியின் குடும்பம் நீதிக்குக் காத்திருந்தது 22 ஆண்டுகள்.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு குறை உண்டு: ஊழியர்கள் தூரத்தைக் கூட்டி எழுதுகிறார்கள் என்பார்கள். நடப்பதுதான். விகிதத்தில் வெட்டியதை ஊழியர் தூரத்தில் எடுத்துக்கொள்கிறார். அதைப் பிடிக்க கம்பெனி செயலி போடுகிறது. நேர்மையான விகிதம் இருந்தால் நேர்மையான தூரத்தைக் கேட்கும் உரிமை தானே வரும். பெட்ரோல் பில்லைக் கேட்கும் முறையும் காலாவதியாகிவிட்டது. மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர் எந்த பில்லைக் காட்டுவார்?

தீர்வு கடினமானதல்ல. ஆட்டோவுக்கு இருப்பதுபோல் களப்பணி டூவீலருக்கும் மாநிலத் தொழிலாளர் துறை ஒரு குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, ஆண்டுதோறும் திருத்த வேண்டும். வண்டியை நிபந்தனையாக வைக்கும் நிறுவனமே அதற்குரிய இன்சூரன்ஸையும் விபத்துக் காப்பீட்டையும் கட்ட வேண்டும். அதுவரை களப்பணியாளர்கள் தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மீட்டர் அளவு நான்கையும் தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிளெய்முக்கும் வரிக்கும் விபத்து வழக்குக்கும் அதுதான் சாட்சி. அடுத்த முறை விகிதம் பேசும்போது பெட்ரோல் விலையை மட்டும் பேசாதீர்கள். வண்டியின் விலையையும் சேர்த்துப் பேசுங்கள்.