அட்டையைப் பார்த்துச் சம்பந்தத்தை முறிக்கலாமா?

நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் செல் மரபணு இருப்பது 1952-இலேயே தெரிந்துவிட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 1 அன்று, அரிவாள் செல் நோயை 2047-க்குள் ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, முடிவைச் சொல்லும் நிற அட்டை என்பது திட்டம். முதல் பரிசோதனை எளிதானது. விரல் நுனியில் எடுத்த சொட்டு இரத்தத்தைக் கரைசலில் விடுகிறார்கள். கரைசல் கலங்கி, குழாய்க்குப் பின்னால் இருக்கும் கோடுகள் மறைந்தால் மரபணு இருக்கிறது. அவர் நோயாளியா, நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமக்கும் கேரியரா என்பதை அது சொல்லாது. அதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும். இந்த வேறுபாடு ஊருக்குப் புரிவதற்கு முன்பே அட்டை பெண் பார்க்கும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அது தம்பதிக்கு உரிய தகவல். சம்பந்தம் பேசுகிறவர்களின் கையில் தீர்ப்பாக மாறுவது அநியாயம்.

கணக்கைப் பாருங்கள். கேரியர்கள் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். நோயுள்ள ஒருவர் மரபணுக் குறை இல்லாதவரை மணந்தால் பிள்ளைகள் கேரியர்களாக மட்டுமே இருப்பார்கள். தலசீமியா என்ற இரத்த நோய்க்கும் இதே கணக்குதான். ஆக, “அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே வேண்டாம்” என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. நோயுள்ள பெண்ணின் கர்ப்பத்துக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்பது உண்மை. நோய்க்காக ஹைட்ராக்ஸியூரியா மருந்து சாப்பிடுகிறவர் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்துக்குள்தான் நடக்கிறது. ஒரே குடும்பத்து மரபணு இருபக்கமும் வந்து சேர அது வழி. சமவெளி ஊர்களான இடையஞ்சாவடியிலும் மரக்காணத்திலும் மாமன் மகளைக் கட்டும் வீடுகள் இந்தச் சோதனையை மலைக்காரர்கள் விவகாரம் என்று ஒதுக்க முடியாது.

“கேரியரும் கேரியரும் கட்டக் கூடாதென்று சட்டம் போட்டால் போதாதா?” என்று கேட்பவர்களின் அக்கறை புரிகிறது, நோயோடு பிறந்த குழந்தை படும் வலி சாதாரணமானதல்ல. ஆனால் அனுபவம் வேறு சொல்கிறது. கிரேக்கத்தில் ஓர்க்கொமெனோஸ் என்ற ஊரில் அரிவாள் செல் மரபணுவுக்காக எல்லோரையும் சோதித்தபோது கேரியர் என்பதே களங்கமாகிவிட, சிலர் மறைத்துத் திருமணம் செய்தார்கள். நோயுள்ள பிறப்புகள் குறையவில்லை. சைப்ரஸில் தேவாலயமே தலசீமியாச் சோதனைச் சான்று கேட்டது. ஆனால் திருமணத்தைத் தடுக்கவில்லை. பெரும்பாலான ஜோடிகள் பிரியாமல் மணந்து, கருவிலேயே பரிசோதித்து முடிவெடுத்தார்கள். அங்கே நோயோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள்.

இங்கே சட்டம் ஏற்கெனவே துணை நிற்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோய், தலசீமியா, ஹீமோஃபிலியா மூன்றையும் பட்டியலில் சேர்த்து, பிள்ளைப்பேறு பற்றிய தகவலைப் பெறும் உரிமையையும் தருகிறது. அந்த உரிமை கையில் கிடைக்க வேண்டுமென்றால் முடிவை ஊர்க்கூட்டத்தில் வாசிக்காமல் சோதித்துக்கொண்டவரிடம் மட்டும் தனியே சொல்ல வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கருவைச் சோதிக்கும் வசதி உண்டு. உப்பளத்தில் தினக்கூலிக்குப் போகிற பெண் மூன்றாம் மாதத்துக்குள் அங்கே போய்வர, பயணச் செலவையும் இழக்கும் கூலியையும் அரசுதான் ஏற்க வேண்டும்.